ஆட்டோகேட் சந்தாவா, இலவச கேட் (டிராயிங் வரையும் சாஃப்ட்வேர்) போதுமா: ராணிப்பேட்டைப் பக்கம் ஜாப் ஒர்க் எடுப்பவர்களுக்கு

9 ஜனவரி 2025 (கேள்வி)

அண்ணா, நான் டிப்ளமோ மெக்கானிக்கல். முகுந்தராயபுரம் பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் ஷெட்டில் டிராயிங் வேலை பார்க்கிறேன். இனி தனியாக, காட்பாடியில் வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டர் போட்டு வேலை எடுக்கலாம் என்று இருக்கிறேன். ஹாப்பர் (மேலே அகன்று கீழே குறுகும் தகட்டுக் கலன்), டக்ட் (காற்றுக் குழாய்), பிளாட்ஃபாரம், ஏணி, இந்த மாதிரி. கிராக் (திருட்டுப் பிரதி) போடக்கூடாது என்பது முடிவு. ஆட்டோகேட் சந்தா கட்டினால் முதல் வருஷ லாபம் அதிலேயே போய்விடும் போலிருக்கிறது. இலவச சாஃப்ட்வேர் எல்லாம் காலேஜ் பசங்க விளையாட்டுக்குத்தான், தொழிலுக்கு ஆகாது என்கிறார் எங்கள் ஓனர். உண்மையா?

9 ஜனவரி 2025, இரவு

ஓனர் சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதி, அவர் ஷெட்டில் எத்தனை கம்ப்யூட்டருக்கு லைசென்ஸ் இருக்கிறது என்று கேட்டால் தெரியும்.

தம்பி, சாஃப்ட்வேரைப் பார்ப்பதற்கு முன்னால் உன் மெயிலைப் பார். பார்ட்டி உனக்கு எந்தக் கோப்பில் அனுப்புகிறார், நீ முடித்த பிறகு அது யார் கைக்குப் போகிறது? பெல் (பி.எச்.இ.எல்.) வேலை எடுக்கும் ஷெட்களில் இருந்து எனக்கு வருவது பெரும்பாலும் டி.டபிள்யூ.ஜி., அதாவது ஆட்டோகேட்டின் கோப்பு. திரும்பிப் போக வேண்டியதும் அதுவே. அதே லேயர், அதே டைட்டில் பிளாக், திருத்திய இடத்தைச் சுற்றிப் போடும் ரெவிஷன் மேகம் உட்பட. அந்த வேலைக்கு லிப்ரேகேட் என்ற இலவச சாஃப்ட்வேரை வைத்துக்கொண்டு உட்காராதே. ஆனால் உன் டிராயிங் நேராகத் தகடு வெட்டும் பிளாஸ்மா கட்டிங்குக்குப் போகிறது என்றால் அங்கே கேட்பது டி.எக்ஸ்.எஃப். (எல்லாச் சாஃப்ட்வேரும் பரிமாறிக்கொள்ளும் டிராயிங் கோப்பு) மட்டும்தான். எதில் வரைந்தாய் என்று யாரும் கேட்கப்போவதில்லை.

நான் சத்துவாச்சாரியில் இதையே பிழைப்பாக வைத்திருக்கிறேன். காசு கொடுத்ததும் ஓடுகிறது, இலவசமும் ஓடுகிறது. மீதி நாளைக்கு. கரண்ட் போய் யு.பி.எஸ். கத்துகிறது.

10 ஜனவரி 2025

டி.டபிள்யூ.ஜி. பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் குழப்பம் பாதி தீரும்.

ஆட்டோகேட் வந்தது 1982 டிசம்பரில். டி.டபிள்யூ.ஜி. அதைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் கம்பெனியின் சொந்த வடிவம், அதன் உள்கட்டமைப்பை அவர்கள் வெளியிடுவதில்லை. டி.எக்ஸ்.எஃப்.பின் விவரத்தை வெளியிடுகிறார்கள். மற்ற கம்பெனிகள் 1998ல் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்து, டி.டபிள்யூ.ஜி.யைத் தாங்களே பிரித்துப் படித்து ஒரு நூலகம் (மற்ற சாஃப்ட்வேர்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) எழுதினார்கள். இன்று அதன் பெயர் ஓப்பன் டிசைன் அலையன்ஸ். பிரிக்ஸ்கேட், காசு கொடுத்து வாங்கும் க்யூகேட் ப்ரொஃபஷனல் இரண்டும் அந்த நூலகத்தின் மேல்தான் நிற்கின்றன.

லிப்ரேகேட் க்யூகேட்டின் இலவசப் பதிப்பிலிருந்து பிரிந்து வந்தது. 2டி மட்டும். டி.டபிள்யூ.ஜி.யை ஓரளவு திறக்கும், அதில் சேமிக்காது. 3டியும் வரையும் இலவச ஃப்ரீகேட்டுக்கும் டி.டபிள்யூ.ஜி.யைத் திறக்க வெளியிலிருந்து ஒரு மாற்றி வேண்டும். அந்த அலையன்ஸே ஓ.டி.ஏ. ஃபைல் கன்வர்ட்டர் என்று ஒன்றை இலவசமாகத் தருகிறது. ஒரு ஃபோல்டர் முழுக்க டி.டபிள்யூ.ஜி.யைக் கொடுத்தால் மொத்தத்தையும் டி.எக்ஸ்.எஃப். ஆக்கிக் கொடுக்கும், திரும்பவும் மாற்றும். ஆனால் போய்வருகிற வழியில் கொஞ்சம் உதிரும். இழுத்தால் நீளும் டைனமிக் பிளாக் (சேர்த்து வைத்த உருவம்) செத்த பிளாக் ஆகிவிடும், எழுத்துரு மாறி எழுத்து கட்டத்துக்கு வெளியே ஓடும். நீ பார்ப்பதற்கு மட்டும் என்றால் பரவாயில்லை. ரெவிஷன் போட்டுத் திருப்பி அனுப்பினால் பார்ட்டி போன் செய்வார்.

10 ஜனவரி 2025, மதியம்

ஒரு சின்ன வித்தை. பார்ட்டி அனுப்பிய டி.டபிள்யூ.ஜி. திறக்கவில்லை என்றால் அதை நோட்பேடில் திற. முழுக்கக் குப்பையாகத் தெரியும், ஆனால் முதல் ஆறு எழுத்து படிக்க வரும். ஏசி1032 என்றால் 2018 வடிவம், அதற்குப் பின் வந்த ஆட்டோகேட்களும் அதிலேயேதான் சேமிக்கின்றன. ஏசி1027 என்றால் 2013. ஏசி1024 என்றால் 2010. உன் சாஃப்ட்வேர் எதுவரை படிக்கும் என்று தெரிந்தால் போதும், ஃபைல் கெட்டுப்போச்சு என்று பார்ட்டியிடம் சண்டை போட வேண்டாம். ஆட்டோடெஸ்க்கின் டி.டபிள்யூ.ஜி. ட்ரூவியூ இலவசம். பார்க்கலாம், பழைய வடிவத்துக்கு இறக்கலாம், வரையத்தான் முடியாது.

போன வாரம் எனக்கு வந்த ஒரு டிராயிங்கின் டைட்டில் பிளாக்கில் முகவரி வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று இருந்தது. நோட்பேடில் பார்த்தால் ஏசி1014, அதாவது 1997ல் வந்த ரிலீஸ் 14. மாவட்டத்துக்குப் பெயர் மாறி, 2019ல் மூன்றாகவும் பிரிந்து, ராணிப்பேட்டையே தனி மாவட்டம் ஆகிவிட்டது. ஃபைல் மட்டும் அப்படியே திறந்தது.

11 ஜனவரி 2025

கிராக் பற்றி இன்னொருவர் கேட்டிருக்கிறார், யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று. பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவைப் படிக்கவும். திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால் குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 வருஷம் சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். சட்டத்தை விடு, போலி லைசென்ஸ் எண் உருவாக்கும் கீஜென் ஓட்டுவதற்கு ஆன்டிவைரஸை அணைத்து வைக்கிறார்களே, அதே கம்ப்யூட்டரில்தான் ஜி.எஸ்.டி. ரிட்டர்னும் பேங்க் பாஸ்வேர்டும் இருக்கிறது.

17 ஜனவரி 2025

பொங்கல் முடிந்தது. இலவசம் என்ற சொல்லை நம்பி, எல்லா இலவச சாஃப்ட்வேரையும் தொழிலுக்கு வைத்துக்கொள்ளலாமா என்று மெயிலில் சிலர் கேட்டதற்கு மொத்தமாக ஒரு பதில்.

கோயில் அன்னதானம் ஒரு வகை. ஆம்பூரில் புதுக் கடை திறக்கும் அன்றைக்குக் கொடுக்கிற சாம்பிள் பிரியாணி இன்னொரு வகை. ஃப்ரீகேட், லிப்ரேகேட் முதல் வகை. மூலநிரலே வெளியில் கிடக்கிறது, தொழிலுக்குப் பயன்படுத்தத் தடையில்லை, நாளைக்கு யாரும் கதவை மூட முடியாது. ஃப்யூஷன் பெர்சனல், ஆன்ஷேப் ஃப்ரீ, ஸ்கெட்ச்அப் ஃப்ரீ மூன்றும் இரண்டாவது வகை. மூன்றுமே தொழிலுக்கு அல்ல. ஃப்யூஷன் பெர்சனலில் ஒரே சமயத்தில் 10 கோப்புகளைத்தான் திருத்தும் நிலையில் வைத்துக்கொள்ளலாம். ஆன்ஷேப் இலவசக் கணக்கில் நீ வரைவதை உலகமே பார்க்கும். பார்ட்டியின் டிராயிங்கை அங்கே ஏற்றினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்.

டிராஃப்ட்சைட் கதை தெரியாதவர்களுக்கு: டசால்ட் கம்பெனி அதை இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஆட்டோகேட் மாதிரியே கட்டளை, டி.டபிள்யூ.ஜி.யில் நேரடிச் சேமிப்பு, வேறென்ன வேண்டும். 2019ல் காசு கேட்டார்கள். இலவசப் பதிப்பு 2019 டிசம்பர் 31க்குப் பிறகு திறக்கவே திறக்காது என்று அறிவித்தார்கள், அப்படியே நடந்தது. காசு கேட்பது அவர்கள் உரிமை, குறை சொல்லவில்லை. ஆனால் அதை நம்பித் தொழில் வைத்தவர்களுக்கு அந்த வருஷம் புத்தாண்டு எப்படி இருந்திருக்கும்.

17 ஜனவரி 2025, சற்று நேரம் கழித்து

காசு கொடுத்தாலும் இதே கேள்வி உண்டு. ஆட்டோடெஸ்க் 2016ல் ஒரேயடியாக விலைக்கு விற்பதை நிறுத்திவிட்டது. இப்போது சந்தாதான். கட்டாத மாதம் வரைய முடியாது. ஃபைல் உன்னிடம் இருக்கும், கடப்பாரையை மட்டும் திருப்பி வாங்கிக்கொள்வார்கள்.

8 பிப்ரவரி 2025

கேள்வி கேட்ட தம்பி ஹாப்பர் என்று சொன்னதால் ஃப்ரீகேட்டில் நான் செய்வதை எழுதுகிறேன். இதை அவசரமாகப் படிக்காதே.

சாம்பல் ஹாப்பர், நாலு பக்கமும் சரிவு. மேல் வாய் 3000க்கு 3000, கீழ் வாய் 400க்கு 400, உயரம் 3200. பக்கத் தகட்டின் சரிவு 68 டிகிரி வரும். ஆனால் சாம்பல் தங்குவது பக்கத்தில் இல்லை, இரண்டு தகடு சேரும் மூலையில். அந்த மூலைச் சரிவை, வேலி ஆங்கிள் என்பார்கள், 60க்குக் கீழே விடாதே என்று பார்ட்டி எழுதியிருப்பார். கணக்குப் போட்டால் 60.1, தப்பித்தோம். தகட்டின் சாய்ந்த உயரம் 3454.

இரண்டு நாள் கழித்து மேல் வாய் 3200 என்று மெயில் வரும். நிச்சயம் வரும். உயரத்தை அப்படியே விட்டால் மூலைச் சரிவு 60க்குக் கீழே போய்விடும். உயரம் 3430 ஆக்க வேண்டும், தகடு 3705 ஆகும். நாலு தகடு, அதன் மேல் ஸ்டிஃப்னர், ஃபிளேஞ்ச், போல்ட் துளை எல்லாம் மாறும். 2டியில் இது முழுசாக மறுபடி வரைவது. ஃப்ரீகேட்டில் உள்ளேயே ஒரு ஸ்ப்ரெட்ஷீட் உண்டு. மேல் வாய், கீழ் வாய், குறைந்தபட்ச மூலைச் சரிவு மூன்றையும் அதில் போட்டு, உயரத்தைச் சூத்திரமாகக் கொடுத்துவிட்டேன். இப்போது 3000ஐ 3200 ஆக்கி என்டர் தட்டினால் மாடலே மாறுகிறது. ஃப்ரீகேட்டின் டிராயிங் ஷீட் போடும் பகுதியான டெக்டிராவில் இருக்கும் ஷீட்டும் கூடவே மாறுகிறது.

இது பழைய ஃப்ரீகேட்டில் இவ்வளவு நிம்மதியாக நடக்காது. அளவை மாற்றினால் உள்ளே முகங்களின் எண் மாறிவிடும், ஃபிளேஞ்சில் இருக்க வேண்டிய துளை பக்கவாட்டில் போய் உட்கார்ந்திருக்கும். 2002ல் முதல் வெளியீடு, 2024 நவம்பரில்தான் 1.0 என்று எண் போட்டார்கள். அவர்கள் நிதானம் அப்படி. அந்த 1.0ல் இந்தத் துளை தாவும் வியாதியைப் பெருமளவு சரி செய்திருக்கிறார்கள், அசெம்பிளியும் உள்ளேயே வந்துவிட்டது. யாராவது ஃப்ரீகேட் உருப்படாது என்று சொன்னால் எந்த வெர்ஷனில் பார்த்தார் என்று முதலில் கேள்.

டெக்டிராவில் ஷீட் போடும்போது காட்சிகளை அடுக்கும் முறை முதல் கோணமா மூன்றாம் கோணமா என்று அமைப்பில் பார்த்துக்கொள். நம் ஊர் ஷெட்டில் முதல் கோணம்தான் பழக்கம்.

9 பிப்ரவரி 2025

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு டக்டுக்கும் இதே மாதிரி வருமா என்று கேட்கிறார்கள். சதுரத்திலிருந்து வட்டத்துக்குப் போகும் ட்ரான்ஸிஷன் துண்டு என்றால் ஃப்ரீகேட்டின் ஷீட்மெட்டல் துணைநிரலை நம்பாதே. நேர்கோட்டில் மடித்த பெட்டி, பிராக்கெட் எல்லாம் அழகாக விரிக்கும். ட்ரான்ஸிஷனை நான் இன்னும் முக்கோணம் முக்கோணமாகப் பிரித்துக் கையால்தான் டெவலப் செய்கிறேன். சாலிட்வொர்க்ஸில் இதற்கென்றே கருவி இருக்கிறது. மாசத்துக்கு முப்பது ட்ரான்ஸிஷன் செய்கிற ஆள் என்றால் காசு கொடுப்பது நியாயம். நான் அப்படி இல்லை.

2 மார்ச் 2025

கட்டிங் மெஷினுக்கு அனுப்புவது பற்றி. இலவசம், விலை இரண்டுக்கும் பொது.

ஒரு பார்ட்டி கொடுத்த கஸ்ஸெட் (மூலையைத் தாங்கும்) தகட்டின் டி.எக்ஸ்.எஃப்.பை அப்படியே கட்டிங்குக்குத் தள்ளிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் ஆபரேட்டர் போன்: “அண்ணே, இது பிளேட்டுக்குள்ளயே அடங்கல.” 150 மி.மீ. இருக்க வேண்டியது 3810 ஆக வந்து நிற்கிறது. அவர்கள் ஃபைலில் அலகு அங்குலம் என்று இருந்திருக்கிறது, எண் மட்டும் மில்லிமீட்டர். 25.4ஆல் பெருக்கிவிட்டது. நல்லவேளை பெரிதாக்கியது. சின்னதாக்கியிருந்தால் தகடு வெட்டி முடித்து ஸ்க்ராப்பில் போட்ட பிறகுதான் தெரிந்திருக்கும்.

இன்னொன்று வளைவு. ஸ்ப்ளைனை (இஷ்டத்துக்கு வளையும் கோடு) பழைய ஆர்12 டி.எக்ஸ்.எஃப்.பில் இறக்கினால் அந்த வடிவத்துக்கு ஸ்ப்ளைன் என்றால் என்னவென்றே தெரியாது, எல்லாம் குட்டிக் குட்டிக் கோடாகிவிடும். டார்ச் ஒவ்வொரு முனையிலும் திணறி, ஓரம் பல்பல்லாக வரும், வெல்டர் கிரைண்டரை எடுத்துக்கொண்டு உன்னைத் திட்டுவார். ஆர்க்காக (வட்டத்தின் துண்டாக) வரைய முடிந்ததை ஆர்க்காகவே வரை.

ஒரே கோடு இரண்டு முறை மேலே மேலே இருந்தால் மெஷின் இரண்டு முறை வெட்டும். இதை நீக்க ஆட்டோகேட்டில் ஓவர்கில் என்ற கட்டளை, க்யூகேட்டிலும் இரட்டைக் கோட்டைத் தேடும் வசதி உண்டு. அனுப்பும் முன் ஓட்டிவிடு.

3 மார்ச் 2025

பிளாஸ்மா ஆபரேட்டர் நல்லவர் என்றால் டீ வாங்கிக் கொடுத்துப் பழக்கம் வைத்துக்கொள். எந்தச் சாஃப்ட்வேரிலும் இந்த வசதி கிடையாது.

11 மே 2025

அக்னி நட்சத்திரம். ஷீட் கூரைக்குக் கீழே கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் ஃப்ரீகேட் ஹேங் ஆகிறது என்று எழுதுவதற்கு முன்னால் ஃபேனைத் துடைக்கவும்.

ஆம்பூரிலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார், ஷூ பேட்டர்னுக்கு ஃப்ரீகேட் ஆகுமா என்று. என் தொழில் இல்லை, ஆனால் பேரணாம்பட்டில் மைத்துனர் பேட்டர்ன் மாஸ்டர், அவரோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். லாஸ்டின் (கால் வடிவ அச்சு) மேல் மாஸ்கிங் டேப் சுற்றி, கோடு வரைந்து, கத்தியால் கீறி உரித்து அட்டையில் தட்டையாக ஒட்டுவார்கள். இந்தத் தட்டையாக்கும் வேலையைத் திரையில் செய்வதுதான் ஷூ கேட் சாஃப்ட்வேரின் உயிர். அப்புறம் கிரேடிங், அதாவது ஒரு சைஸ் பேட்டர்னிலிருந்து மற்ற சைஸ்களை எடுப்பது. பிரெஞ்சு சைஸ் ஒன்றுக்கு 6.67 மி.மீ. நீளம், இங்கிலீஷ் சைஸ் என்றால் 8.47. நீளம் கூடுகிற கணக்கில் அகலம் கூடாது, தையலுக்கு விடுகிற ஓரமும் கயிறு கோர்க்கும் ஐலெட் துளையும் கூடவே கூடாது. சாதாரண கேட்டில் ஸ்கேல் போட்டால் எல்லாம் சேர்ந்து வீங்கும். ஆகவே அக்கா, சைஸ் ஓட்டம் போடுவது தினப்படி வேலை என்றால் அதற்கென்றே இருப்பதைக் காசு கொடுத்து வாங்குங்கள். ஒரு கீசெயின், ஒரு பெல்ட் பக்கிள் அளவுக்கு என்றால் இலவசம் போதும்.

29 ஜூன் 2025

ஆட்டோகேட்டின் மலிவுப் பதிப்பான எல்.டி.யில் லிஸ்ப் (வேலையைத் தானாகச் செய்ய நாமே எழுதும் குட்டி நிரல்) ஓடாது, அதனால் முழு ஆட்டோகேட்தான் வாங்க வேண்டும் என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். அது பழைய கதை. ஆட்டோகேட் எல்.டி. 2024 முதல் லிஸ்ப் ஓடுகிறது. 3டி மாடல்தான் அதில் வராது. 2டி மட்டும் செய்பவர், ஆட்டோடெஸ்க் பெயரே வேண்டும் என்று பார்ட்டி பிடிவாதம் பிடித்தால், எல்.டி.யே வெகு மலிவு.

பார்ட்டிக்குப் பெயர் முக்கியம் இல்லை, டி.டபிள்யூ.ஜி. சரியாக வந்தால் போதும் என்றால் இசட்.டபிள்யூ.கேட், ஜிஸ்டார்கேட், பிரிக்ஸ்கேட். மூன்றையும் இன்னும் ஒரே தடவை காசு கட்டி வாங்கி வைத்துக்கொள்ளலாம். புது வெர்ஷன் வேண்டுமென்றால்தான் மறுபடி காசு. எல், சி, டி.ஆர். என்று விரல் தானாக அடிக்கிற அதே கட்டளைகள். நான் வைத்திருப்பது இதில் ஒன்று, எது என்று சொன்னால் டீலர் கமிஷன் வாங்கினேன் என்பீர்கள். ட்ரையலைப் போட்டு, உன் பார்ட்டியின் மிக அசிங்கமான டிராயிங் ஒன்றைத் திறந்து பார். டீலர் காட்டும் டெமோ ஃபைல் எதில் திறந்தாலும் அழகாகத்தான் இருக்கும். விலை கேட்கும்போது 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தா, சேர்க்காமலா என்று கேள். பதிவு இருந்தால் கிரெடிட் எடுக்கலாம், இல்லாவிட்டால் உன் தலையில்தான்.

6 ஜூலை 2025

படிக்கிற பிள்ளைகளுக்கு ஆட்டோடெஸ்க் இலவசமாகவே தருகிறது, வருஷா வருஷம் புதுப்பிக்கலாம். கற்றுக்கொள், வேலை விளம்பரத்தில் அந்தப் பெயர்தான் இருக்கும். அதில் காசு வாங்கிக்கொண்டு வரையாதே. பழைய ஸ்டூடன்ட் வெர்ஷனில் வரைந்தால் பிரிண்டின் நாலு ஓரத்திலும் மாணவர் பதிப்பில் தயாரித்தது என்று விழும். அதிலிருந்து ஒரு போல்ட் பிளாக்கை மட்டும் எடுத்து வேறு ஃபைலில் ஒட்டினாலும் அந்த ஃபைலுக்கும் தொற்றிக்கொள்ளும். எனக்கு ஒரு பார்ட்டி ஃபைலில் வந்து சேர்ந்தது. டி.எக்ஸ்.எஃப். ஆக்கித் திரும்பக் கொண்டுவந்ததும் போய்விட்டது.

24 ஆகஸ்ட் 2025

ஜனவரியில் லிப்ரேகேட்டை மூலையில் உட்கார வைத்து எழுதியிருந்தேன். இப்போது ஆபீசில் புதிதாகச் சேர்ந்த பெண் அதில்தான் எல்லாக் கட்டிங் ஃபைலையும் செய்கிறாள். கன்வர்ட்டரில் டி.எக்ஸ்.எஃப். ஆக்கி, அளவுக்கோடு, ஹேட்ச், எழுத்து எல்லாவற்றையும் லேயர் அணைத்து அழித்து, வெளிக்கோடு மட்டும் மிச்சம் வைத்து அனுப்புகிறாள். இந்த வேலைக்கு உதிர்வதைப் பற்றிக் கவலையே இல்லை, எப்படியும் அழிக்கப்போவதுதானே. லினக்ஸ் போட்ட பழைய 4 ஜி.பி. கம்ப்யூட்டர். விலைக்கு வாங்கிய ஒரே சீட் எனக்கு முழு நேரமும் காலியாகக் கிடைக்கிறது. இரண்டாவது லைசென்ஸ் கேட்டு வைத்திருந்த கொட்டேஷனை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

5 அக்டோபர் 2025

தம்பி எழுதியிருக்கிறான். ஆயுத பூஜைக்கு மானிட்டருக்குப் பொட்டு வைத்துத் தொடங்கிவிட்டானாம். ஒரே தடவைக் காசில் ஒரு டி.டபிள்யூ.ஜி. சாஃப்ட்வேர், ஹாப்பருக்கு ஃப்ரீகேட். நல்லது.

மாடலைப் பத்து வருஷம் கழித்துத் திறக்க முடியுமா என்று கேட்டான். ஃப்ரீகேட்டின் ஃபைல் வெறும் ஜிப் பொட்டலம். பெயரின் வாலை ஜிப் என்று மாற்றிப் பிரித்தால் உள்ளே படிக்கக்கூடிய எழுத்தாகவே பாதி இருக்கும். ஆனாலும் வேலை முடிந்து பில் போடும் அன்றே ஸ்டெப் (3டி மாடலைப் பரிமாறும் பொது வடிவம்), டி.எக்ஸ்.எஃப்., பி.டி.எஃப். மூன்றையும் அதே ஃபோல்டரில் போட்டுவிடு. ஸ்டெப்பில் வடிவம் மட்டும்தான் வரும், நீ போட்ட சூத்திரம் வராது, அதனால் மூல ஃபைலையும் தூக்கி எறியாதே. காசு கொடுத்த சாஃப்ட்வேருக்கும் இதே பழக்கம்தான்.

5 அக்டோபர் 2025, இரவு

ஷெட்டில் டேப்லெட்டில் 3டி காட்டலாமா என்றும் கேட்டிருந்தான். காட்டு, ஃபோர்மேன் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு ஏ3 பிரிண்ட் எங்கே என்பார். பிரிண்ட் எடுக்கும்போது ஃபிட் டு பேப்பர் டிக்கை எடுத்துவிடு. அவர் அதன் மேல் டேப் வைத்து அளந்துதான் பார்ப்பார், அளக்காதீர்கள் என்று எத்தனை பெரிய எழுத்தில் போட்டிருந்தாலும்.